ரோல் நம்பர் சீனியர்

தர்மராஜ் கல்யாணப் பத்திரிகையோடு வந்து நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் என் மகள் பிரான்சி நன்றாகத்தான் இருந்தாள். சர்ச்சில் பூசை முடிந்து வந்து, கறி வேகிற வாசனைக்கு ஏதோ பாட்டுக்கூட முணுமுணுத்தாள். இருக்காதா பின்னே? அடுத்த வாரம் அவளுக்குப் பேராசிரியர் பதவிக்கு இன்டர்வியூ. அதற்கு முன்னால் வியாழக்கிழமை, அவளிடம் பி.எச்.டி. பண்ணும் ஆசீருக்கு வைவா, பட்டத்துக்கான கடைசி வாய்மொழித் தேர்வு. இரண்டுக்கும் ஆதாரம் ஒரே ஆராய்ச்சிதான்.

அடுத்தவர் எழுதிய ப்ரோகிராமில் தப்பு எங்கே என்று தானாகக் கண்டுபிடிக்கிற சாப்ட்வேர் ஒன்றை இருவரும் செய்திருந்தார்கள். கல்லூரி லேபில் பழைய செட் பிள்ளைகள் எழுதியதைக் காட்டி அதைப் பழக்கினார்கள். புதிய செட் எழுதியதைக் கொடுத்துச் சோதித்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு! வெளிநாட்டு ஜர்னலில் வந்தது. எங்கள் பாலக்கரையில் என்னிடம் விசாரிக்காதவர் பாக்கி இல்லை; விசாரிக்காதவர்களுக்கு நானே போய்ச் சொல்லிவிட்டேன்.

தர்மராஜ் அவளுடைய பழைய மாணவன். ஸ்ரீரங்கத்தில் மண்டபம் பிடித்திருந்தார்கள்.

"குடும்பத்தோட வரணும் மிஸ். அம்மா, நீங்களும்தான்."

"முதல் பந்தியில உக்கார வெச்சா வரேன்" என்றேன்.

"லேபுல ஒழுங்கா ப்ரோகிராம் எழுதுன பய நீ. உனக்காக வராம இருப்பேனா?" என்றாள் பிரான்சி.

அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வேலைக்குப் போயிட்டோம்ல, இனிமே சொல்லலாம் மிஸ். நான் எங்க எழுதுனேன்? முந்தின செட்டுல என் நம்பர்லயே இருந்த என் ரோல் நம்பர் சீனியர், மாதவன் அண்ணன் எழுதுனது. அதையே நான் குடுத்தேன், நான் குடுத்தத என் ஜூனியர் குடுத்தான். நம்ம லேபுல எல்லா செட்டும் அப்படித்தான்."

"காப்பி அடிச்சா நான் பிடிச்சிருப்பேனேடா?"

"நீங்க ஒரு கிளாசுக்குள்ளதான ஒத்துப் பாப்பீங்க? அதுக்குத்தான் மிஸ் அவனவன் நம்பர் சீனியரோடத மட்டும் எடுக்கணும்னு சட்டமே வெச்சிருந்தோம். பேரெல்லாம் மாத்தி, வரிய மேல கீழ போட்டுருவோம்."

நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். பிரான்சி சிரிக்கவில்லை.

அவன் போனதும் லேப்டாப்போடு அறைக்குள் போனாள். கறி ஆறிப்போனது. வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"கேள்வித்தாள முன்னாடியே காட்டிட்டு, பரீட்சையில நல்ல மார்க்குன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கேம்மா. சீனியரோடத வெச்சுப் பழக்கி, அதையே ஜூனியர் பேருல குடுத்துச் சோதிச்சிருக்கேன். இப்ப நெட்டுல கெடச்ச வேற காலேஜ் பிள்ளைங்க எழுதுனதக் குடுத்துப் பாத்தேன். முப்பதுகூட தாண்டல."

"அவன் வாய விட்டது நம்ம வீட்டோட போகட்டுமேடி."

"கட்டுரைய வாபஸ் வாங்கறேன்னு ஜர்னலுக்கு எழுதப்போறேன்."

"இன்டர்வியூ?"

"எதக் காட்டிம்மா போறது?" என்றவள், "ஆசீர்கிட்ட எப்படிச் சொல்லுவேன்" என்று அழ ஆரம்பித்தாள்.

அவள் போன் செய்ததும் ஆசீர் மன்னார்புரத்திலிருந்து பைக்கில் பறந்து வந்தான். எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டான்.

"வியாழக்கிழமை வரைக்கும் பொறுங்க மேடம். வைவா முடிஞ்சதும் எழுதுங்க."

"தெரிஞ்சே உன்ன மேடையேத்துனதா ஆயிடும் ஆசீர். திரும்பச் செய்வோம்பா. நான் கூட இருக்கேன்."

"திரும்பவா? மாமனார் வீட்டுல 'மாப்ள எந்தக் கிளாஸ் படிக்கிறாரு'ன்னு கேக்குறாங்க மேடம். சின்னப் பிள்ளைங்ககூட சிரிக்குது."

பிரான்சி எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆசீர் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க சொன்னா கேப்பாங்கம்மா. வியாழக்கிழமை வரைக்கும்தான். அப்புறம் என்ன வேணா செய்யட்டும்."

எனக்கும் அதுதானே வேண்டும்? காபியைக் கலந்து அவன் கையில் கொடுத்து, "குடி, நான் பேசிட்டு வரேன்" என்று உள்ளே போனேன்.

மூடிய லேப்டாப்பின் மேல் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ஜர்னலுக்கு எழுதி அனுப்பிட்டேம்மா" என்றாள். "நீ வந்து கேட்டா மனசு மாறிடும்னுதான், அதுக்குள்ள அனுப்பிட்டேன்."

திரும்பிக் கதவைத் திறந்தேன். ஆசீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். அவன் முகம் லேசாகத் தெளிந்திருந்தது.

"என்னம்மா, சரின்னுட்டாங்களா?"