பிளேஸ்டோவில் ஒரு நீளமூக்குக் குரங்கு

செல்லப்பனுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. கிள்ளானில் பிறந்து, லண்டனுக்குப் படிக்க வந்து, அந்நகரின் ஸ்ட்ரெதம் பகுதியிலேயே குடியேறிவிட்ட பொறியியலாளர் அவர். தொண்ணூற்றொன்றில் தாம் பிறந்த நாட்டின் சரவாக் மாநிலத்துக்குப் போய், கடலோர மழைக்காட்டில் ஆசைதீர அலைந்து, பெட்டி நிறைய ஸ்லைட் கொண்டுவந்திருந்தார். அதைக் கேள்விப்பட்ட, லண்டனின் பிளேஸ்டோ தமிழ்ச் சங்கத் தலைவர் சபாரத்தினம், வந்து காட்டத்தான் வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்.

ஆரம்பம் நன்றாகவே போனது. ஊரில் பார்த்துப் பழகிய கண்டல் மரங்களைக் கண்டதும் மண்டபத்தில் இருந்த யாழ்ப்பாணத்துச் சனம் நிமிர்ந்து உட்கார்ந்தது. விழுந்த பூச்சியைக் கரைத்துக் குடிக்கும் குடுவைச் செடியைப் பார்த்து முகம் சுளித்தது. ஊர் முழுவதும் ஒரே கூரையின் கீழ் வாழும் இபான் மக்களின் நீள வீட்டைக் காட்டியபோது, இவ்வளவு குடும்பத்துக்கும் குளியலறை எத்தனை என்று ஒருவர் கவலையோடு விசாரித்தார்.

அடுத்து வந்தது நீளமூக்குக் குரங்கு. திரை முழுக்க முகம். மூக்கு வாய்க்கும் கீழே தொங்கியது. பிறகு எல்லாத் தலைகளும் மெதுவாகத் தலைவர் பக்கம் திரும்பின. செல்லப்பனும் பார்த்தார். தலைவருக்கும் ஏறக்குறைய அதே மூக்கு. பொத்தானை அழுத்தினார், ஸ்லைட் நகரவில்லை. மெஷினைத் தட்டினார், குரங்கு கொஞ்சம் ஆடிவிட்டு நின்றது.

ஏதாவது பேசிச் சமாளிக்கலாம் என்று, "அந்த ஊர்க்காரங்க இதை ஒல்லாந்தக்காரன், அதான் டச்சுக்காரன்னு சொல்வாங்க. மூக்கு அப்படி இருக்கில்ல," என்றார்.

தம் வம்சத்தில், ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் இரத்தம் ஓடுவதாகக் கலியாண வீடு தவறாமல் சொல்லிவருபவர் சபாரத்தினம். அது செல்லப்பனுக்குத் தெரியாது. முதலில் வெடித்துச் சிரித்தது தலைவரின் மனைவி செல்வமலர்தான். பிறகு மண்டபமே குலுங்கியது.

சபாரத்தினம் எழுந்து திரைக்குக் கிட்டப் போய்க் குரங்கை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, இது என்ன சாப்பிடும்?"

"இலை, காய். பழுத்த பழம் சாப்பிட்டா வயிறு ஊதிடும்."

"எனக்கும் பலாப்பழம் ஒத்துவராது," என்றார் தலைவர்.

நன்றியுரையையும் அந்த முகத்தின் கீழேயே நின்று, மிடுக்குக் குறையாமல் நிகழ்த்தி முடித்தார்.

அடுத்த கோடையில் செல்வமலரையும் கூட்டிக்கொண்டு சரவாக்குக்கே போய்வந்தார். குரங்கைப் பார்த்தீர்களா என்று செல்லப்பன் போனில் கேட்டார்.

"ஓம். முழங்கால் சேத்துக்குள்ள நிண்டு பாத்தனான். ஒண்டு என்னை ஒருக்காத் திரும்பிப் பாத்திட்டு, தன்ர பாட்டில இலை தின்னத் தொடங்கிற்றுது," என்றார் சபாரத்தினம்.

குரலில் உண்மையாகவே மனவருத்தம் இருந்தது.