எந்தக் கறையும் போகும்

அக்காவின் பல் வாயைவிட்டு வெளியே வந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அதில் பதினைந்து நிமிடத்தை அவளுடைய மாமனார் எடுத்துக்கொண்டார்.

அவருக்கு ஒரு சலவைக்கடை இருக்கிறது. ‘எந்தக் கறையும் போகும்’ என்று பலகை மாட்டியிருக்கிறார். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகைதான்: கறை பட்டது, கறை போனது. மருமகளை இன்றுவரை முதல் வகையில்தான் வைத்திருக்கிறார்.

அன்று காலை, கடையிலுள்ள இஸ்திரி இயந்திரத்தின் கைப்பிடி நழுவி அக்காவின் வாயில் அடித்தது. மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு தரையில் விழுந்தது. அவளைப் பார்க்க வந்திருந்த நான், வேரைத் தொடாமல் அதைப் பொறுக்கினேன்.

“பால்ல போடணும், மாமா. வேர் மேல இருக்கிற செல்லெல்லாம் செத்துடும்.”

என் குரல் எப்போதும் பக்கத்து ஆளைத் தாண்டாது. அன்று மாமனார் பக்கத்து ஆளாக இருந்தார்.

“பால்லயா? இது என்ன பல்லா, பிஸ்கட்டா?”

அத்தான் சிரித்தார். அப்பா பேசினால் சிரிப்பதுதான் அத்தானின் முழுநேர வேலை. கடைக் கணக்கெல்லாம் அதற்கப்புறம்.

“கீழ விழுந்ததை அப்படியே வாயில வைப்பாங்களா? இங்க கொடும்மா, சயின்டிஸ்ட்.”

மாமனார் பல்லைப் பிடுங்கிக்கொண்டு கடையின் பின்பக்கம் போனார். வெள்ளைச் சட்டைகளை ஊறவைக்கும் தொட்டி அங்கேதான் இருக்கிறது. நானும் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன். நிற்பதில் நான் கெட்டிக்காரி. அவர் ஒரு பிளாஸ்டிக் டம்ளரை எடுத்தார். பிறகு அலமாரியைத் திறந்தார். திரும்பி வந்தபோது பல் கைக்குட்டைக்குள் இருந்தது. முகத்தில் வேலை முடித்த திருப்தி இருந்தது.

பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண் நிமிராமலே கேட்டாள்: “அப்பாயின்ட்மென்ட் இருக்கா?”

“பல்லு விழப்போகுதுன்னு நேத்தே போன் பண்ணியிருக்கணும். தப்புதான்,” என்றார் மாமனார்.

அன்று அவர் பேசியதில் உருப்படியானது அது ஒன்றுதான். அந்தப் பெண் நிமிர்ந்து அக்காவின் துண்டிலிருந்த ரத்தத்தைப் பார்த்ததும் உள்ளே அனுப்பிவிட்டாள்.

டாக்டர் ஊசி போட்டு, பல் இருந்த குழியைக் கழுவி, அக்காவின் வாயில் பஞ்சை அடைத்தார். பிறகு பல்லை விளக்குக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

“வேர் உயிரோட இருந்தா திரும்பப் பிடிச்சுக்கும். இல்லன்னா எலும்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னுடும். அதுக்கு வைத்தியமே வேற. இதை எதுலயாவது கழுவினீங்களா?”

“தண்ணிகூட படல, டாக்டர்,” என்றார் மாமனார்.

“மத்த பல்லைவிட வெள்ளையா இருக்கே?”

அக்காவின் மற்ற பற்கள், டீ குடிக்கும் மனுஷியின் பற்கள்.

“எங்க குடும்பத்துப் பல்லே அப்படித்தான்,” என்றார் மாமனார்.

கல்யாணமாகி மூன்று வருடம் கழித்து அக்காவைக் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டார்.

டாக்டர் அத்தானிடம் திரும்பினார். “நீங்க பார்த்தீங்களா?”

“அப்பா சொன்னா சரியாதான் இருக்கும்.”

டாக்டர் பல்லை முகர்ந்து பார்த்தார். பிரயோசனமில்லை. அவருடைய தட்டிலிருந்த மருந்தும் கடையிலுள்ள ஊறவைக்கும் தொட்டியின் வாசனைதான் அடித்தது. மாமனாருக்கு அதில் தைரியம் வந்துவிட்டது.

“சீக்கிரம் வெச்சுடுங்க டாக்டர். கடையில ஆள் இல்ல.”

டாக்டர் பல்லோடு குனிந்தார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அவள் கண் மாமனாரிடம் போகவில்லை, அத்தானிடமும் போகவில்லை. நான் கதவோரம் நின்றது அவளுக்குத் தெரியும். நாளைக்கு நான் என் வீட்டுக்குப் போய்விடுவேன். அந்த வீட்டுக்குத் திரும்பவேண்டியவள் அவள். இருந்தும் நகம் பதிய அழுத்தினாள்.

“டாக்டர்,” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை.

“டாக்டர்!”

வரவேற்புப் பெண்கூட எட்டிப் பார்த்தாள்.

“என்னம்மா?” என்றார் மாமனார், பல்லைக் கடித்துக்கொண்டு. அவருக்குக் கடிக்க எல்லாப் பற்களும் இருந்தன.

“ப்ளீச்ல பத்து நிமிஷம் ஊறப்போட்டு, காலர் பிரஷால வேரைத் தேய்ச்சார், டாக்டர்.”