கரைக்குப் போட்ட புல்

அவருடைய வாயில் கரண்டியால் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போது குளத்துக்குள் மண் விழுந்தது. பெரிய சத்தமில்லை, ‘தொளக்’ என்று ஒன்று. அவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு அடுத்ததற்காகக் காத்திருந்தாள்.

“எந்தப் பக்கம்?” என்றார் கணவர், கண்ணைத் திறக்காமல்.

“மீன் துள்ளுதுங்க.”

மீன் அப்படித் துள்ளாது என்று அவருக்குத் தெரியாதா? பொக்லைன் ஓட்டிப் பிழைத்தவர். நுரையீரல் கெட்டு, வண்டியில் ஏற முடியாமல் போவதற்குக் கொஞ்சம் முன்னால், மீன் வளர்க்கலாமென்று வீட்டுக்குப் பின்னால் மேட்டில் அவரே தோண்டிய குளம் அது. தோண்டிய மண்ணையெல்லாம் வீட்டுப் பக்கமே கொட்டிக் கரையாக உயர்த்திவிட்டார். பின்கதவைத் திறந்தால் முகத்துக்கு நேரே மொட்டை மண். அதற்கு அந்தப் பக்கம், அவள் தலைக்கும் மேலே, தண்ணீர். மழை பிடித்ததிலிருந்து அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. அவரோ, கட்டிலை அந்த அறையை விட்டு நகர்த்தவே விடவில்லை. ஜன்னல் வழியாகக் கரையைப் பார்க்க வேண்டுமாம்.

புல் பிடித்தால் மண் நிற்கும். எந்தப் புல் என்பதில்தான் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. போன வாரம் நாற்றுப் பண்ணைக்காரர் வந்து கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“விதை தூவுனா சட்டுனு பச்சையா வந்துரும். மழை விட்டா காஞ்சுரும். வருஷா வருஷம் தூவணும். கொடிப்புல்லுன்னா துண்டு துண்டா நடணும், வேர் புடிக்க நாளாகும். புடிச்சிட்டா அப்புறம் ஆயுசுக்கும் கவலையில்ல.”

“விதையே போடுங்க. பச்சையா ஒருதரம் பாத்துட்டாப் போதும்,” என்றார் கணவர்.

வருஷா வருஷம் யார் தூவுவது என்று கேட்க அவளுக்கு வாய் வரை வந்தது. கேட்டால், டாக்டர் தன்னைத் தனியாக அழைத்துச் சொன்னதையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். பண்ணைக்காரரை வாசல்வரை கொண்டுபோய் விட்டபோது, குரலைத் தாழ்த்தி, “கொடிப்புல்லே அனுப்பிருங்க,” என்றாள்.

இன்று காலை ஈரச் சாக்குகள் வந்து இறங்கின. அண்ணனைப் பார்த்துக்கொள்ளத் தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்த நாத்தனார் ஒரு சாக்கைப் பிரித்துப் பார்த்தாள்.

“அண்ணி, அண்ணன் விதைதானே கேட்டாரு?”

அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

“என்ன வந்திருக்கு?” உள்ளேயிருந்து குரல்.

“புல்லுங்க.”

“நான் சொன்னதா?”

“ம்.”

அடுத்த வார்த்தைக்கு வேண்டிய மூச்சை அவர் சேர்த்துக்கொண்டிருந்தார்.

“வேரு காயாம மூடி வை,” என்றார்.

விதைக்கு ஏது வேர்? நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“கீழயிருந்து நட்டுட்டு மேல போ. மேலயிருந்து வந்தா மிதிச்சே சரிச்சுருவ. நெருக்கமா வை. இந்தத் தையக்காரிகிட்ட விட்டா பட்டன் வெக்கிற மாதிரி நாலு எடத்துல குத்திட்டு வந்துருவா.”

நாத்தனார் சிரிக்கத் தொடங்கி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

மதியத்துக்கு மேல் மழை வலுத்தது. அவள் கரையேறிப் பார்த்தாள். உச்சியில் நீளவாக்கில் ஒரு விரிசல். விரலை விட்டுப் பார்த்தாள், முழுதும் உள்ளே போனது. இறங்கி வந்து, ஈரச் சேலையோடு கட்டிலருகே நின்றாள். அவர் மூச்சு ஒழுங்கில்லாமல் இழுத்து இழுத்து வந்தது. இங்கே இருப்பதா, அங்கே போவதா?

“போ,” என்றார் அவர். கண் திறக்கவில்லை.

கரையின் அடியில் மண்டியிட்டு நட ஆரம்பித்தாள். குச்சியால் துளை, அதில் ஒரு கணுத் துண்டு, மேலே கட்டைவிரல் அழுத்தம். சரிவில் ஓடிவந்த சேறு மணிக்கட்டை மூடியது. மேலே என்ன நடக்கிறது என்று நிமிர்ந்து பார்க்கப் பயந்தாள். பின்கதவைத் திரும்பிப் பார்க்கவும் பயந்தாள். கை மட்டும் நகர்ந்தது.

“அண்ணி.”

நாத்தனார் ஒரே ஒருமுறைதான் கூப்பிட்டாள். அந்தக் குரலே போதுமாக இருந்தது. அவள் கையிலிருந்த துண்டை ஊன்றி, சுற்றிலும் மண்ணை அழுத்திவிட்டுத்தான் எழுந்தாள்.

சாயங்காலத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. மழை நிற்கவில்லை. அவள் தலைமாட்டில் உட்கார்ந்து பின்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ, “அவளை அழச் சொல்லுங்க, மனசுல வெச்சுக்கிட்டா நல்லதில்ல,” என்றார்கள்.

“இவரை முன்ரூமுக்கு மாத்தணும்,” என்றாள் அவள்.

அவரோடு வண்டி ஓட்டிய கூட்டாளி குனிந்தார். “எல்லாரும் வந்துரட்டும்மா.”

“இல்லண்ணே. இப்பவே. இந்தச் சுவத்துப் பக்கம் வேண்டாம்.”

“இனிமே அவனுக்கு என்ன…” என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மற்றவர்களைக் கண்ணால் அழைத்தார்.

போர்வையோடு சேர்த்து நாலுபேர் தூக்கினார்கள். வாசல் குறுகல், ஒருக்களித்துத்தான் போக முடிந்தது. அவள் அவர்களுக்கு முன்னால் பின்னோக்கி நடந்தாள். நிலைக்கும் அவர் தலைக்கும் நடுவே தன் கையை வைத்துக்கொண்டாள். மரம் விரல் முட்டிகளை உரசியது.

“மெதுவா,” என்றாள். “தலை, தலை.”