சபினா எழுதாத உணவகம்

போலந்தின் டோரூன் நகரத்து நாளிதழில் வியாழக்கிழமைதோறும் வந்த ‘இந்த வாரம் எங்கே சாப்பிடலாம்’ என்ற பத்தியைப் பத்தொன்பது வருடங்களாக எழுதி வந்தவள் சபினா. பழைய நகரத்தில் எந்தக் கடை வாத்து மெத்தென்று இருக்கும், எந்தக் கடையில் நேற்றைய உருளைக்கிழங்கை இன்று பொரித்துத் தலையில் கட்டுகிறார்கள் என்று ஊருக்கே சொல்பவள். ஆனால் மதிலை ஒட்டிய தெருவில் உணவகம் நடத்தும் தன் கணவன் லுடோமிரைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதியதில்லை. வேலையில் சேர்ந்த அன்றே ஆசிரியரிடம் அவளாகச் சொல்லிக்கொண்ட கட்டுப்பாடு அது. லுடோமிருக்கு அதில் பெருமைதான். “என் பொண்டாட்டி பேனா வீட்டுக்குள்ள வராது” என்று வாடிக்கையாளர்களிடம் மார்தட்டுவான்.

அந்தப் பெருமை அக்டோபர் மாதம் ஒரு வியாழக்கிழமை காலையோடு போயிற்று.

வெங்காயம் நறுக்கும் மேஜையில் பேப்பரை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். புதுநகரச் சதுக்கத்தில் ஆறு மாதத்துக்கு முன் கடை திறந்த கோர்னெல் என்பவனுடைய ஜுரெக்கைப் பற்றி எழுதியிருந்தாள். புளிக்க வைத்த மாவில் செய்கிற அந்தச் சூப்புதான் லுடோமிரின் கடைக்கும் பேர் வாங்கிக் கொடுத்தது. ‘இரண்டாவது கரண்டியில் பேச்சை நிறுத்திவிட்டேன். கிண்ணம் காலியான பிறகுதான் வெளியே மழை பெய்வதைக் கவனித்தேன்’ என்று முடித்திருந்தாள்.

மூன்று தடவை படித்தான். கல்யாணமாகி இருபத்தாறு வருடம். அவன் சூப்பைச் சாப்பிட்டு அவள் மழையைக் கவனிக்காமல் இருந்ததே கிடையாது. மழை, பக்கத்து வீட்டு நாய், மின்சாரக் கட்டணம் எல்லாவற்றையும் அந்தக் கிண்ணத்துக்கு மேலேதான் பேசுவாள்.

“என்ன முதலாளி, வெங்காயம் அப்படியே கிடக்கு. பேப்பரை நறுக்கப் போறீங்களா?” என்றாள் தேக்லா. பதினாறு வருடமாக அந்த அடுக்களையில் பியரோகிக் கொழுக்கட்டை பிடிப்பவள். கைக்கு இருக்கிற நிதானம் வாய்க்குக் கிடையாது.

“இதைப் படிச்சியா?”

“ஊரே படிச்சாச்சு. ஞாயித்துக்கிழமைக்கு அங்க மேஜை சொல்லி வைக்கணும்னு என் நாத்தனார் காலையிலேயே நம்பர் கேட்டா.” மாவுக்குள் பூரணத்தை வைத்து மூடிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள். “நம்ம சூப்பைப் பத்தி மேடம் வீட்ல என்ன சொல்வாங்க?”

“சூடா இருக்குன்னு சொல்வா.”

“அது அடுப்புக்குக் கிடைச்ச பாராட்டு.”

திங்கட்கிழமை லுடோமிரின் கடைக்கு விடுமுறை. மூக்குக் கண்ணாடிக்குச் சட்டம் மாற்றவேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு நேராகப் புதுநகரச் சதுக்கத்துக்குப் போனான். சுவர் ஓரமாக உட்கார்ந்து ஜுரெக் வரவழைத்தான். குறை கண்டுபிடிக்கத்தான் போயிருந்தான். முதல் கரண்டியில் புளிப்பு சரியாக நின்றது. அடுத்ததில் புகை போட்ட இறைச்சியின் வாசனை வந்தது, அதன் பின்னால் எங்கிருந்தோ கொஞ்சம் காரம். இது எதில் வந்தது, இது எதில் வந்தது என்று தேடிக்கொண்டே கிண்ணத்தின் அடிக்கு வந்துவிட்டான். பிறகு பார்த்தால் ரொட்டித் துண்டால் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தது அவன் கைதான். சட்டென்று ரொட்டியைக் கீழே வைத்தான். பக்கத்து மேஜையில் யாராவது பார்த்தார்களா என்று திரும்பினான்.

பார்த்தது கோர்னெல். நாற்பத்தைந்து வயதிருக்கும், உயரமான ஆள். முன்பு கப்பலில் சமையல் பார்த்தவனாம். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

“சார், நீங்க சபினா மேடத்தோட வீட்டுக்காரர்தானே? முதல்லயே சொல்லியிருந்தா ஜன்னல் மேஜை கொடுத்திருப்பேனே. மேடம் வந்தா அங்கதான் உட்காருவாங்க.”

“எத்தனை தடவை வந்தா?”

“மூணு. கடைசித் தடவை அடுக்களைக்கே வந்துட்டாங்க. கப்பல்ல புயல் நேரத்துல சூப்பு வைக்கிற கதையைச் சொன்னேன், ஒரே சிரிப்பு.”

எந்தக் கடையைப் பற்றி எழுதினாலும் சபினா மூன்று தடவை போவாள். அது லுடோமிருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஆற்றங்கரை வழியாக வீட்டுக்கு நடந்தபோது அந்த மூன்று மூன்றாகவே நிற்கவில்லை. தன் அடுக்களைக்குள் அவள் கடைசியாக எப்போது வந்தாள்? குழாய் உடைந்து தண்ணீர் நிரம்பியபோது வந்தாள். அதுவும் வாளியோடு. சிரித்த ஞாபகம் இல்லை. புயலில் சூப்பு வைத்த ஆளிடம் அவள் எப்படிச் சிரித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே தன் வீட்டு வாசலைத் தாண்டி நடந்துவிட்டான்.

மறுநாள் மத்தியானம், உணவுப் பட்டியல் அடிக்கிற கணினியில் ஒரு கடிதம் அடித்தான். ‘உங்கள் பத்தி எழுத்தாளர் கோர்னெலின் கடையில் இலவசமாகச் சாப்பிடுகிறார். அவர் அடிக்கடி அங்கே போக வேறு காரணமும் உண்டு.’ கையெழுத்து போடவில்லை. தபால் பெட்டிக்குள் விட்டதும் நெஞ்சு லேசானது. இரண்டு நாள் நன்றாகத் தூங்கினான்.

வெள்ளிக்கிழமை சபினாவை ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். விசாரித்து முடிக்கும்வரை பத்தி வராது என்றார். அவள் வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். கடிதத்தின் நகலை அவனிடம் நீட்டினாள். அவன் தானே எழுதியதை முதல் தடவை படிப்பவன்போல உதட்டை அசைத்துப் படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு அவன் வந்த பிறகு இரவுச் சாப்பாட்டின்போதும் அவள் அதையேதான் பேசினாள்.

“யாரா இருக்கும்னு நினைக்கிற, லுடெக்?”

“பாலத்துக்கிட்ட மீன் கடை வெச்சிருக்கானே, அவனா இருக்கும். அவன் மீனைக் களைச்சுப்போன மீன்னு எழுதின இல்ல.”

“அவன்தான் நடுத்தெருவுல நிறுத்தித் திட்டிட்டானே. திட்டினவனுக்குக் கடுதாசி எதுக்கு?”

“அப்போ அந்த இஞ்சி ரொட்டிக் கடைக்காரி.”

சபினா சூப்பை எடுத்து வாயில் வைத்தாள். இன்னொரு வாய் வைத்தாள். பிறகு கரண்டியைக் கிண்ணத்தின் ஓரத்தில் சாய்த்தாள்.

“இதை எப்போ வெச்ச?”

“காலையில. ஏன், உப்பு கம்மியா?”

“உப்பெல்லாம் சரியா இருக்கு. ரொம்ப சரியா இருக்கு. நீ இவ்வளவு அளந்து போடறவன் இல்லையே. பயந்துக்கிட்டே வெச்சிருக்க.” அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவன் பார்வையைத் தட்டுக்கு இறக்கினான். அவள் குரல் தணிந்தது. “நீயா, லுடெக்?”

இல்லை என்று சொல்ல வாய் திறந்தான். கரண்டியைக் கீழே வைத்தான்.

“மழை பெய்யறதே தெரியலன்னு எழுதின” என்றான் கடைசியில். அவன் காதுக்கே அது சின்னப்பிள்ளை பேச்சாக இருந்தது. “எனக்கு அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கியா? இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவை?”

“உன் சூப்புல எனக்கு ருசி தெரியறதில்ல. நீதான் தெரியற. கடையில கூட்டம் இல்லன்னா மிளகு கூடும். உன் தம்பி போன் பண்ணின அன்னைக்கு மார்ஜோரம் இலை போட மறந்துடுவ. நான் கோவிச்சுக்கிட்டா ரெண்டு முட்டை போடுவ. இதை நான் பேப்பர்ல எப்படி எழுதறது?”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“நீ கேட்டிருக்கலாமே.” எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். “இலவசமா தின்னேன்னு எழுதினது கூடப் போகட்டும். வேறு காரணம்னு எழுதின பாரு, அந்த ரெண்டு வார்த்தை. அதை ஆபீஸ்ல பத்து பேர் படிச்சிருக்காங்க. நாளைக்கு ஆசிரியர்கிட்டயும் கோர்னெல்கிட்டயும் போய் நீயே சொல்லிட்டு வா. எனக்காக இல்ல, அந்த மனுஷனுக்காக.”

திங்கட்கிழமை லுடோமிர் பத்திரிகை அலுவலகத்துக்குப் போய் ஆசிரியரிடம் சொன்னான். அவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எழுதிக் கொடுங்கள், இந்தத் தடவை கையெழுத்தோடு என்றார். கொடுத்தான்.

கோர்னெலிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவன் கேரட்டைச் சீவிக்கொண்டே முழுவதையும் கேட்டான். கத்தவில்லை. முகம் மட்டும் சிவந்துபோயிற்று.

“என் பொண்டாட்டி தவறிப்போய் மூணு வருஷம் ஆச்சு சார். அவ தங்கச்சிதான் இங்க பரிமாறுறா. அந்தக் கடுதாசி அவ கண்ணுல பட்டிருந்தா?” கத்தியைக் கீழே வைத்தான். “அன்னைக்கு சூப்பு எப்படி இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சு.”

“எவ்வளவு நல்லா?”

லுடோமிர் கேரட் குவியலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “என்னுடையதைவிட.”

“அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்” என்றான் கோர்னெல். “சரி, கிளம்புங்க. நீங்க நிக்கிற இடத்துல எனக்கு வேலை ஓடாது.”

சபினா மேல் தப்பில்லை என்று பத்திரிகை தீர்த்துச் சொல்லிற்று. ஆனால் அவள் திரும்பப் போகவில்லை. இனிமேல் ஒரு கடையைப் புகழும்போதெல்லாம் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசிப்பேன், அப்படி எழுத முடியாது என்று சொல்லிவிட்டாள். அவனைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. அவள் திட்டவில்லை. ஒரு மாதம் அவன் சமைத்ததைத் தொடவும் இல்லை. ‘பால்கடை’ என்கிற மலிவுச் சாப்பாட்டுக் கடை வரிசையில் தட்டை ஏந்திக்கொண்டு ஓய்வூதியக்காரர்களோடு நின்று முட்டைக்கோஸ் சாப்பிட்டாள்.

பத்தியை, கால்பந்துப் பக்கம் எழுதிக்கொண்டிருந்த ஹிலாரி என்ற ஆளிடம் கொடுத்தார்கள். டிசம்பரில் அவர் முதலில் எழுதியதே லுடோமிரின் கடையைப் பற்றித்தான். சபினாவின் கட்டுப்பாடு இனி யாருக்கும் இல்லை அல்லவா. தேக்லா பேப்பரைக் கொண்டுவந்து மாவு மேஜையில் போட்டாள். ‘சூப்பு நன்றாக ஆட்டத்தைத் தொடங்கியது. வாத்து இரண்டாம் பாதியில் களைத்துவிட்டது. முடிவு சமநிலை.’ இத்தனை வருடம் ஏங்கிக் கிடந்ததற்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தபோது சபினா அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கிற்று. அழுகிறாளோ என்று பயந்து பக்கத்தில் போனான். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“சமநிலையாம்” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“வாத்து வறட்சியாவா இருக்கு?”

“நிஜமா கேக்கறியா?”

“நிஜமாத்தான்.”

“வாரக் கடைசியில இருக்கும். வியாழக்கிழமையே வறுத்து வெச்சுடற. தேக்லாவுக்கும் தெரியும், உன்கிட்ட சொல்லப் பயம்.”

“தேக்லாவுக்கா? பயமா?”

அதற்கும் சிரித்தாள். அன்று அவன் செய்து வைத்திருந்த பியரோகியில் நான்கு எடுத்துக்கொண்டாள். எப்படி இருக்கிறது என்று அவன் கேட்டான். வெங்காயம் இன்னும் வதங்கியிருக்கலாம் என்றாள். மறுவாரத்திலிருந்து வாத்தை அன்றன்றைக்கு வறுத்தான்.

இப்போது திங்கட்கிழமைகளில் இரண்டு பேரும் சேர்ந்து ஏதாவது ஒரு கடைக்குப் போகிறார்கள். புதன்கிழமை அவள் தனியாகக் கோர்னெலிடம் சாப்பிடப் போகிறாள். சொல்லிவிட்டுத்தான் போகிறாள். லுடோமிர் அங்கே போவதில்லை, கோர்னெலும் கூப்பிடுவதில்லை. அவள் திரும்பி வரும் நேரத்துக்கு அவன் ஜன்னல் பக்கம் நின்றுகொள்கிறான். படியில் காலடி கேட்டதும் போய் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை எடுத்துக்கொள்கிறான்.

“சாப்பிட்டாச்சா?” என்பான்.

“ஆச்சு.”

“நல்லா இருந்துச்சா?”

“ரொம்ப நல்லா இருந்துச்சு” என்பாள் கோட்டைக் கழற்றிக்கொண்டே. அவனுக்குச் சுருக்கென்று இருக்கும். அடுத்த புதன்கிழமையும் கேட்பான்.