இரண்டு பல் தள்ளி

விடிவதற்கு முன்பே அந்தோணிமுத்து லாரியின் முகப்பில் தலையைக் கொடுத்திருந்தான். ரேடியேட்டரை இறக்கியாயிற்று. எஞ்சினின் முன் புல்லிச் சக்கரம் மட்டும் மசியவில்லை. உடம்பின் பாரம் முழுவதையும் ஸ்பேனரில் போட்டுத் திருகினான். சட்டென்று விட்டுக்கொடுத்தது, விரல்முட்டி இரும்பில் மோதித் தோல் உரிந்தது. மூடியைக் கழற்றியதும் கறுத்த எண்ணெய் முழங்கைவரை வழிந்தது.

உள்ளே டைமிங் செயின் தொய்ந்து கிடந்தது. எஞ்சினை மெல்லச் சுழற்றி, கீழ்ப் பல்சக்கரத்தின் புள்ளியை உச்சிக்குக் கொண்டுவந்தான். மேல்சக்கரத்தின் புள்ளி அதற்கு நேரெதிரே நிற்க வேண்டும். இரண்டு பல் தள்ளி நின்றது.

முந்தாநாள் தாப்பா மலைச்சாலை ஏற்றத்தில் எஞ்சின் செத்து, லாரி பின்னால் உருண்டு, வேலைக்காரி ராக்காயியின் கால் நசுங்கியது இதனால்தான். டிரைவர் ராமையா சம்சுச் சாராயம் குடித்திருந்தான் என்று கண்ட்ராக்டர் பழனியப்பன் போலீசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பாவம், அவன் லாக்கப்பில் கிடக்கிறான். செயின் சத்தம் போடுகிறது என்று இரண்டு மாதம் முன்பே சொன்னவன் அந்தோணிமுத்து. "அப்புறம் பாப்போம்" என்று கண்ட்ராக்டர் சொன்னதும் வாயை மூடிக்கொண்டவனும் அவன்தான். அந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற?" பழனியப்பன் வந்து நின்றார். "செயினையும் சக்கரத்தையும் கழட்டி ஆத்துல போடு. புதுச மாட்டு. மத்தியானம் லாரியச் சோதிக்க ஆபிசர் வாராரு."

கழற்றிவிட்டால் புள்ளிகள் எங்கே நின்றன என்பதற்குச் சாட்சியே இல்லை. ராமையாவும் வெளியே வரமாட்டான்.

"கழட்ட மாட்டேங்க. ஆபிசர் பாக்கட்டும்."

"பின்னால நீ குடியிருக்கிறது யார் வீடு? ஞாபகம் இருக்குலா?"

மூன்று பிள்ளைகளோடு மனைவி பியாட்ரிஸ் உறங்கும் வீடு.

அதற்குள் வேலைக்குப் போகும் பெண்கள் வாளிகளோடு வந்துவிட்டார்கள். ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபின், கண்ட்ராக்டர் லாரியில் ஊர் ஊராகப் பால் வெட்டப் போகிறவர்கள்.

"மங்களம் அக்கா, இங்க வந்து பாருங்க." டார்ச்சு அடித்துப் புள்ளிகளைக் காட்டி, நடந்ததை அவன் சொன்னான்.

"இவளுகளுக்கு எஞ்சினப் பத்தி என்னா தெரியும்?" பழனியப்பன் சிரித்தார்.

மங்களம் குனிந்து நிதானமாகப் பார்த்தாள். "மரத்துல கத்தி ஒரு நூல் ஆழமாப் போனா அரைநாள் பேர வெட்டிக் கூலியக் கொறைக்கிறீங்க. தள்ளிப் போனது எங்க கண்ணுக்குத் தெரியாதா?"

"பேசாம அந்த இன்னொரு லாரியில ஏறுங்க. ஏறாதவளுக்கு இன்னிக்குப் பேர் இல்ல."

யாரும் ஏறவில்லை. மங்களம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு எஞ்சினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். செல்லாயி பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு மற்றவர்களும். அந்தோணிமுத்து ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு அவர்களோடு தரையில் உட்கார்ந்தான்.

"ஈப்போவுல மெக்கானிக்குக்கா பஞ்சம்? இப்பவே வேற ஆளக் கூட்டிட்டு வாரேன்." பழனியப்பன் மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

"கூட்டிட்டு வாங்க," என்றாள் மங்களம். "அவருக்கும் காட்டுறோம்."