காணாமல் போன இதழ்கள்

படகை வாங்க வருகிறவர் மதியம் ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அக்கா காலையிலேயே எஞ்சின் அறைக்குள் இறங்கிவிட்டாள். அறை என்று பேருக்குத்தான் சொல்வது. உட்கார்ந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் திரும்ப முடியாது.

கழிமுகத்தின் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆட்களை ஏற்றி இறக்கும் படகு அது. தம்பி ஓட்டுவான், அக்கா ஓட வைப்பாள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துக் கண்ணை மூடிய பிறகு இந்த ஒரு படகை வைத்துத்தான் அவள் அவனை ஆளாக்கினாள். இப்போது அவனுக்குக் கல்யாணமாகிவிட்டது. மனைவியின் ஊரில் வேலையும் தயார். கடல் தாண்டிய ஊர். நினைத்தால் வந்துபோகிற தூரமில்லை. "படகு கைமாறினதும் கிளம்பறோம்க்கா" என்று சொல்லியிருந்தான். கைமாறாவிட்டால் கிளம்ப மாட்டான் என்று அவளாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

எஞ்சினைக் குளிர்விக்கும் உப்புத் தண்ணீர் எந்த வழியாக வருகிறதோ அந்த வழியாகவே அவளும் போவாள். அதுதான் அவள் பழக்கம். முதலில் படகின் அடியிலிருந்த வால்வை மூடினாள். மறதியாகக்கூட யாரும் எஞ்சினைக் கிளப்பிவிடாதபடி சாவியை எடுத்து வால்வின் கைப்பிடியிலேயே மாட்டினாள். வடிகட்டியில் பாசியும் சிப்பித் தூளும் சேர்ந்திருந்தன. கழுவிப் போட்டாள். அடுத்து பம்பின் மூடியைக் கழற்றினாள்.

தண்ணீரை உள்ளே இழுத்துத் தள்ளுகிற ரப்பர் சக்கரம், இம்பெல்லர், பல் போன வாயோடு இளித்தது. மூன்று இதழ்களைக் காணோம்.

புது இம்பெல்லர் போடுவது பெரிய வித்தையில்லை, போட்டுவிட்டாள். பிய்ந்துபோன துண்டுகளைத் தேடி எடுப்பதில்தான் விஷயமே இருக்கிறது. விட்டால் தண்ணீரோடு போய், எங்கே இடம் குறுகலோ அங்கே உட்கார்ந்துகொள்ளும். ஒரு துண்டு பம்புக்கு அடுத்த வளைவில் சிக்கியது. மற்ற இரண்டுக்காக, எஞ்சினைச் சுற்றிவரும் சூட்டுத் தண்ணீரை உப்புத் தண்ணீர் ஆற்றுகிற அந்தப் பெரிய உருளையைத் திறந்தாள். மூடியோடு, தண்ணீர் ஒழுகாமல் இருக்க இடையில் வைக்கிற பழைய பேக்கிங் தாளும் பிய்ந்து வந்தது. உள்ளே தேன்கூடு மாதிரி நெருங்கிய சிறு குழாய்கள். அவற்றின் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு கறுப்புத் துண்டுகள் ஒட்டிக் கிடந்தன.

விரலால் நெம்பினால் வந்துவிடும். அவள் நெம்பவில்லை.

மெதுவாக ஓட்டினால் ஒன்றும் தெரியாது. வேகம் கூட்டினால் சூட்டு முள் ஏறும். ஏறியதும் அணைத்துவிட்டால் எஞ்சினுக்கும் கெடுதல் இல்லை. வந்தவர் வந்த வழியே போய்விடுவார். தம்பி இருப்பான்.

"அக்கா, உயிரோட இருக்கியா?" மேலேயிருந்து தம்பியின் குரல்.

"இருக்கேன். டீ கொண்டாந்தியா, வெறும் வாயோட வந்தியா?"

"டீ இருக்கு. பன்னும் வாங்கினேன். வர்ற வழியில காணாமப் போச்சு."

"உன் வயித்துல தேடு, கிடைக்கும்."

அவன் சிரித்தான். "எல்லாம் சரியா இருக்கில்ல?"

கெடுக்கப் போகிற வேலைக்குப் பிய்ந்த பேக்கிங்கே போதும். ஆனால் கை கேட்கவில்லை. மூடியின்மேல் புதுத் தாளை வைத்து, ஓரமெல்லாம் சுத்தியலால் தட்டி அளவாக வெட்டினாள். கிரீஸ் தடவினாள். போல்ட்டுகளை எதிரெதிராக, ஒரே சீராக முறுக்கினாள். ஒரு சொட்டு ஒழுகினாலும் அவளுக்குச் சோறு இறங்காது.

"எல்லாம் சரி" என்றாள்.

வாங்க வந்தவருக்குத் தம்பி 'தலையாட்டி' என்று பேர் வைத்திருந்தான். எதைச் சொன்னாலும் ஆட்டுவார். படகு கரையை விட்டபோது ஆட்டினார், வளைந்து திரும்பியபோது ஆட்டினார். நடு நீரில் தம்பி வேகம் கூட்டினான். முள் ஏறத் தொடங்கியது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பைத் தொடுமுன், "அணைச்சிடு!" என்று கத்தினாள். தலை அப்போதுதான் முதன்முறையாகப் பக்கவாட்டில் ஆடியது.

கரையில் அவர் இறங்கிப் போனதும் தம்பி கயிற்றைக் கட்டிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"போனா போறார்க்கா. நீ மனசுல வெச்சுக்காத."

"வேற ஆள் வர்ற வரைக்கும் நீ இருப்பில்ல?"

"வர்ற வாரம் கிளம்பறோம். டிக்கெட் எடுத்தாச்சு."

"படகு கைமாறினாதான்னு சொன்ன?"

"அது உனக்காகக்கா. இந்தக் குழிக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு உன் இடுப்பே போச்சு. இத வித்துக் கரையில உனக்கொரு பட்டறை போட்டுக் குடுத்துட்டுப் போலாம்னு பாத்தேன். எனக்கென்ன, அங்க போனா வேலை இருக்கு."

அவள் பார்வை எஞ்சின் அறைப் பக்கம் போனது.

"வா, எங்க அடைச்சிருக்குன்னு நானே பாக்கறேன். உன்னை இப்படியே விட்டுட்டுப் போக மாட்டேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் உள்ளே இறங்கிவிட்டான். எஞ்சின் ஆறியதும் வால்வை மூடி, உருளையின் போல்ட்டுகளைக் கழற்றினான். மூடி வந்தது. "இதோ இருக்குக்கா!" என்று சின்னப் பையனைப் போலக் கூவி, இரண்டு துண்டுகளையும் உள்ளங்கையில் ஏந்திக் காட்டினான். மூடியைக் கீழே வைக்கும்போதுதான் பேக்கிங்கைப் பார்த்தான். கறை படியாத புதுத் தாள். ஓரத்தில் கிரீஸ் இன்னும் பளபளத்தது.

விரலால் அந்தக் கிரீஸைத் தொட்டுப் பார்த்தான்.

"இன்னைக்குப் போட்டதா?"

"ம்."

கத்துவான் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவன் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"போகாதடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா இருந்திருப்பியா?"

அவளிடம் அவன் எப்போதும் பொய் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

"இல்லக்கா."

மறுநாள் வாங்குகிறவரைக் கெஞ்சிக் கூத்தாடி மறுபடி அழைத்து வந்தான். படகு முழு வேகத்தில் போனது. பின்பக்கக் குழாயிலிருந்து தண்ணீர் தடையில்லாமல் கொட்டியது. முள் போட்ட இடத்தில் போட்டபடி நின்றது. தலை மேலும் கீழும் ஆடியது.

"நேத்து ஏன் அப்படிச் சூடாச்சு?" என்று கேட்டார்.

"என் தப்பு சார். முந்தின நாள் வால்வை முழுசாத் தெறக்காம ஓட்டிட்டேன். ரப்பர் பிஞ்சு போய் அடைச்சுக்கிச்சு."

"மெக்கானிக் பாக்கலையா?"

தம்பி தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான்: "எங்கக்காதான் சார் மெக்கானிக். அவ பாத்தா பாத்ததுதான். ஒரு துண்டு விட மாட்டா."

அவர் திரும்பி அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். தம்பி திரும்பவில்லை. அவள் கையிலிருந்த பழந்துணியால், கறையே இல்லாத விரல்களைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.