வாய் நிறையப் புளி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. வாயை மூடிக்கொண்டே ஒருவனுடைய வீட்டைக் காப்பாற்றிய ஒருத்தியின் கதை. காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

தாய்லாந்தின் நொந்தபுரி ஊரில், ஆற்றோரச் சந்தில் தவத் என்று ஒருவன். பிறந்ததிலிருந்தே கைகால் அவன் சொன்னபடி கேட்காது, சக்கர நாற்காலிதான். பேச்சு வரும். ஆனால் ஒரு சொல் உதட்டுக்கு வருவதற்குள் நாம் அரிசியே கழுவிவிடலாம். பன்னிரண்டு வருஷம் பராமரிப்பு இல்லத்தில் கிடந்துவிட்டு, இந்த ஒற்றை அறைக்கு வந்திருந்தான். குளிப்பாட்ட, உடுத்திவிட, சமைக்க லம்துவான் என்று ஒருத்தி வருவாள். நீ பார்த்துக்கொள்கிறவர்களுக்காக நீயே பதில் சொல்லாதே என்று பயிற்சியின் முதல் நாளே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

அதில்தான் கோட்டை விட்டாள். அவன் தனி வீட்டில் இருக்கலாமா என்று கன்யா என்ற அதிகாரி விசாரிக்க வந்தபோது, தவத் வாய் திறக்குமுன் எல்லாக் கேள்விக்கும் இவளே பதில் சொல்லிவிட்டாள். பத்தாம் நாள் கடிதம் வந்தது: 'தன் விருப்பத்தைத் தானே சொல்ல இயலாதவர். இல்லத்துக்குத் திருப்பி அனுப்பலாம். மறுவிசாரணை ஒரே ஒரு முறை.'

"என் நாக்கை அறுத்துப் போடணும் தம்பி" என்று அழுதாள்.

"வேண்டாங்க்கா... அப்புறம் குழம்புக்கு உப்பு யாரு பாக்கிறது?"

மறுவிசாரணை அன்று, மிளகாயிலும் சர்க்கரையிலும் புரட்டிய புளி உருண்டை ஒரு பொட்டலம் வாங்கிவரச் சொன்னான். கொட்டையோடு. கன்யாவின் செருப்புச் சத்தம் கேட்டதும், "ரெண்டு... வாயில போடுங்க" என்றான். பயத்தில் அவள் மூன்று போட்டுக்கொண்டாள்.

"லம்துவான் ஒருநாள் வரலைன்னா என்ன செய்வீங்க?" என்று கன்யா கேட்டாள்.

தவத்தின் கழுத்து ஒரு பக்கம் இழுத்தது. "எதிர்..." சொல் அங்கேயே நின்றுவிட்டது. லம்துவானுக்குப் பதில் தெரியும். புளிக்கு அடியில் அது துடியாய்த் துடித்தது. காரத்தில் கண் கலங்கியது. கன்யா பேனாவை மூடப் போனாள். லம்துவான் கையை மட்டும் உயர்த்தினாள்: கொஞ்சம் பொறுங்கள்.

கன்யா பொறுத்தாள்.

"எதிர்த்த... நூடுல்ஸ் கடை அண்ணன்கிட்ட சாவி இருக்கு. நாற்காலி மணி அடிப்பேன். வருவாரு." மூச்சு வாங்கினான். "இல்லத்துல, எப்ப சாப்பிடணும்னு... அவங்க சொன்னாங்க. இங்க... நான் சொல்றேன்."

கன்யா திரும்பினாள். "நீங்க ஏதாச்சும் சொல்லணுமா?"

உப்பிய கன்னத்தோடு லம்துவான் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"அவங்க சொல்ல மாட்டாங்க மேடம். கொட்டை... இன்னும் தீரலை."

கன்யா சிரித்துவிட்டாள். எழுதியதை வாசித்தும் காட்டினாள்: 'தன் விருப்பத்தைத் தானே சொன்னார். தன் வீட்டிலேயே இருக்கலாம்.'

அவள் போனபிறகு லம்துவான் கொட்டைகளை உள்ளங்கையில் துப்பினாள்.

"இனிமே பேசலாங்க்கா."

"மதியத்துக்கு என்ன சமைக்கட்டும்?" என்று கேட்டுவிட்டு, அரிசி கழுவியபடி காத்திருந்தாள்.

உங்கள் வீட்டில் மெதுவாகப் பேசுகிறவர்களுக்கும் பொறுத்துக் கேட்கிற காது கிடைக்கட்டும், கண்ணுகளா. உங்கள் உலை என்றும் கொதிக்கட்டும்.